இரண்டு பேர் மட்டும் பேசுகிற செட்

வாயை மூடிக்கொண்டு வருவதாக இருந்தால் வா, இல்லையென்றால் இறங்கிக்கொள் என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சொன்ன மனுஷன், என் குரலைக் கேட்பதற்கென்றே ஒரு கருவி வாங்கப்போகிறேன் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்ம்களைச் சரிபார்ப்பது என் வேலை. வாசலில் நின்றிருந்த காரை யாரோ இடித்துவிட்டு ஓடிப்போய்விட்டார்கள் என்பார்கள். நான் பம்பருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கீறல் எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். நின்ற காரா, ஓடிய காரா என்று அது சொல்லிவிடும். ஆட்கள் சொல்வதற்குத் தலையை ஆட்டுவேன், தகரம் சொல்வதை எழுதுவேன். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுகிறார்கள். அதையும் நானேதான் கண்டுபிடித்தேன்.

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். சொந்தப் பட்டறை. ஊரில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டியை ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு நிமிர்ந்து, "வால்வு அடிக்குது" என்பார், அல்லது "பேரிங் போயிடுச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் காதை நம்பி வெளியூரிலிருந்துகூட வண்டிகள் வருகின்றன. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

பின்சீட்டில் நான் சும்மா வருகிறவள் இல்லை, அதை மறைக்கவில்லை. மற்றவர்களுக்கு ரோட்டில் வண்டிகள் தெரியும். எனக்கு நாளைக்கு மேஜைக்கு வரப்போகிற க்ளெய்ம்கள் தெரியும். "வலது பக்கம் லாரி வருது." "முன்னாடி போறவனுக்கு பிரேக் லைட் எரியலை." "அந்த நாய் குறுக்க வரும், பாருங்க." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்த வேண்டும், தோளைத் தட்ட வேண்டும், நான் இரண்டையும் செய்வேன். ஒருநாள் அவருக்குத் தாங்கவில்லை. நான் இறங்கினேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன், அதற்கப்புறம் இரண்டு வருடமாக அந்த வண்டியில் ஏறவில்லை. என் ஹெல்மெட் அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு குழுவோடு ஊர் சுற்றப் போவார். அதில் ஒரு பல் டாக்டர் உண்டு. சிவப்பு வண்டி. கல்யாணம் ஆகாதவள். சிரித்தால் அவள் தொழிலுக்கு வேறு விளம்பரமே வேண்டாம், அப்படி ஒரு சிரிப்பு. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

ஆக, ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜை முழுக்க வண்ண வண்ணத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டில் மாட்டுகிற ஒயர்லெஸ் செட். வண்டி ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் கத்தாமல் பேசிக்கொள்ளலாம்.

"எதுக்கு இது?"

"பேசிக்கிட்டே போகத்தான்."

"யாரோட?"

"உன்னோட."

காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். "யாருக்குக் காது குத்துறீங்க? நான் ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதான், ஏறினா பேசலாமேன்னு." அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். குழுவாகப் போகிறவர்களுக்கான மெஷ் செட். யார் முந்தினாலும் யார் பின்தங்கினாலும் பேச்சு அறுந்துபோகாதாம். அவருடைய குழுவில் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "இதுதானே உங்க கூட்டாளிங்க வெச்சிருக்காங்க? இதையே வாங்கலாமே."

"கூட்டமாப் பேசுறது எனக்கு எதுக்கு?" என்று அந்தத் தாளை ஒதுக்கினார். "ரெண்டு பேர் மட்டும் பேசுற மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும்."

எனக்கு மூக்கு வியர்த்தது. குழுவோடு போகிற மனுஷனுக்கு, குழுவில் மற்றவர்கள் காதில் விழாமல் இரண்டே பேர் பேசுகிற செட் எதற்கு?

அவர் தேர்ந்தெடுத்த விதமும் சரியில்லை. இந்த மாதிரி சாமான் வாங்குகிறவர்கள் பாட்டு எப்படிக் கேட்கும், சார்ஜ் எத்தனை நேரம் நிற்கும், மழையில் நனையலாமா என்றெல்லாம் பார்ப்பார்கள். இவர் அதையெல்லாம் விரலால் தாண்டிப் போனார். கடைக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டார். காற்றடிக்கும்போது குரல் எவ்வளவு தெளிவாக இருக்கும்? ஸ்பீக்கர் ஒயர் எவ்வளவு நீளம்? ஒயர் நீளத்தை யார் கேட்பார்கள்? என் அனுபவத்தில், தேவையில்லாத ஒன்றை ஒருவன் துல்லியமாகக் கேட்கிறான் என்றால் தேவையான ஒன்றை மறைக்கிறான்.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். சாப்பாட்டு மேஜையில் அவர் நாற்காலி மாறியிருந்தது. எப்போதும் எனக்கு இடது கைப்பக்கம் இருப்பவர், இப்போது வலது கைப்பக்கம் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால் ஃபேன் காற்று வரவில்லையாம். போனை அங்கிருந்து பார்த்தால் எனக்குத் திரை தெரியாது என்பதை நானே உட்கார்ந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பாதி நேரம் பதில் வராது. மனசு இங்கே இருந்தால்தானே வரும்? ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ஸ்குரூடிரைவரை வழக்கமான காதில் வைக்காமல் மறுபக்கம் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல் இருக்கத்தான் முகத்தை அப்படித் திருப்பிக்கொண்டார் என்று குறித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் விட அவருடைய வண்டி. வலது கைப்பிடி நுனியிலும் பெட்ரோல் டேங்கின் வலது பக்கத்திலும் புதுக் கீறல்.

"இது என்ன?"

"ஸ்பேனர் பட்டுச்சு."

ஸ்பேனராம்! கீறல் பின்னாலிருந்து முன்னால் ஓடியது. இவரைவிட வேகமாக வந்த ஏதோ ஒன்று உரசிக்கொண்டு தாண்டியிருக்கிறது. ஊரெல்லாம் என்னிடம் சொல்லித் தோற்றுப்போன பொய்யை என் வீட்டிலேயே சொல்கிறார். அன்றைக்கு எந்த ரோட்டில், யாரோடு போனார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தங்கைக்குப் போன் செய்தேன். அவள் எப்போதும் அவர் பக்கம்தான்.

"அக்கா, அத்தானாவது பொம்பளையாவது! அவருக்கு வண்டியைத் தவிர வேற எதோடயும் பேசத் தெரியாதே."

"அதேதான் நானும் சொல்றேன். பேசத் தெரியாதவருக்குப் பேசுற செட் எதுக்குடி?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

முதலில் ஒரு செட் வந்தது. போட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கலாமாம். பக்கவாட்டில் உருண்டையாக ஒரு பொத்தான், அதை இரண்டு தடவை அழுத்தினால் நம் மைக் அணைந்துவிடும், நம் பேச்சு அந்தப் பக்கம் போகாது. எனக்குப் பாடம் எடுத்தார், நானும் அழுத்தி அழுத்திப் பழகினேன். இரண்டு நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தார். "ஒயர் பத்தலை" என்றார். இரண்டு காதுக்கும் எட்டுகிற ஒயர் எப்படிப் பத்தாமல் போகும்?

இரண்டாவது செட்டில் தட்டையான பொத்தான். ஒரு தடவை அழுத்தினாலே மைக் அணையும், மறுபடி அழுத்தினால் உயிர் வரும். அதை என் ஹெல்மெட்டில் அவரே பொருத்தினார். பொருத்துவதற்கு முன் உள்ளே இருந்த பஞ்சுத் துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயவைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை.

அவர் குளிக்கப் போன நேரம் அவருடைய ஹெல்மெட்டை எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். இடது காதுப் பக்கம் ஸ்பீக்கர் இருந்தது. வலது பக்கம் குழி காலி. ஸ்பீக்கர் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. ஒரு திருகாணியைக்கூட அரைகுறையாக விடாத மனுஷர்! நான் பேசுவதில் பாதி போதும் என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. உட்கார்ந்து அழுதிருப்பேன், குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டுவிட்டது.

மறுநாள் காலையில், "பிரேக் ஷூ வாங்கப் போறேன்" என்றார். பிரேக் ஷூ வாங்கப் போகிறவர் எதற்கு அந்தச் செட்டின் அட்டைப் பெட்டியைப் பையில் போட்டுக்கொள்கிறார்? அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். என் ஹெல்மெட்டைக் காரில் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எத்தனையோ பேரை இப்படிப் பின்தொடர்ந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வீட்டுக்காரரை.

அவர் ஒரு கட்டடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். மாடியில் பெரிய பல் படம் போட்ட பலகை. அவளுடைய கிளினிக். கீழே ஹெல்மெட்டும் கையுறையும் விற்கிற கடை. அவர் மாடிப்படிப் பக்கம் போனாரா, கடைக்குள் போனாரா என்று பார்ப்பதற்குள் ஒரு வேன் குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

எதிர்ப்புறம் காரை ஓரம் கட்டினேன். கண்ணாடிகளை ஏற்றினேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். நிற்கிற காருக்குள் ஹெல்மெட்டோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லை. இரண்டு செட்டும் உயிரோடு இருந்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும் என்று அவரே சொல்லியிருந்தார். ஸ்விட்சைப் போட்டேன். என் மூச்சுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பொத்தானை அவசரமாக இரண்டு தடவை அழுத்தினேன்.

முதலில் கரகரப்பு. ஏதோ திருகுகிற, உரசுகிற சத்தம். பிறகு அமைதி. பிறகு ஒரு இளம்பெண்ணின் குரல்.

"கண்ணை மூடிக்கோங்க."

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மூடிட்டேன்." அவர் குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

"திறக்கக் கூடாது சார். இப்ப நான் எந்தப் பக்கம் நின்னு பேசுறேன், சொல்லுங்க."

"இடது பக்கம்."



"வலது பக்கம் நிக்கிறேன் சார். கண்ணைத் திறந்து பாருங்க."

"தெரியும்மா," என்றார். "எல்லாம் இடது பக்கம்தான் கேக்கும். வலது காது சுத்தமா இல்ல. அதான் ரெண்டு ஸ்பீக்கரையும் இடது பக்கமே வெச்சுக் குடுன்னு கேட்டேன். காத்து அடிச்சா ஒண்ணு பத்தாது. முந்தின செட்ல வலது ஸ்பீக்கர் ஒயர் இந்தப் பக்கம் எட்டலை."

"அய்யோ, எப்பலேருந்து சார்?"

"ஒருநாள் காலைல எந்திரிச்சேன், கேக்கலை. தண்ணி போயிருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் போனா டாக்டர் திட்டுறாங்க, உடனே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமாம். இனிமே வராதாம்."

"இதோட வண்டி ஓட்டுறீங்களா?"

"ஹாரன் கேக்கும்மா. எந்தப் பக்கம்னுதான் தெரியாது. இடது பக்கம் வர்றான்னு நினைச்சு வலது பக்கம் ஒதுங்குறேன். லாரி அங்கதான் இருக்கான். போன மாசம் உரசிட்டே போயிட்டான்."

பின்னாலிருந்து முன்னால் ஓடிய கீறல். நாற்காலி. பதில் வராத சமையலறை. காது மாறிய ஸ்குரூடிரைவர். ஆதாரம் ஒன்றுகூடத் தப்பவில்லை, எல்லாவற்றையும் நானே என் கையால் சேகரித்திருந்தேன். வழக்கைத்தான் வேறு பெயரில் எழுதிவிட்டேன்.

"அப்ப குழுவா பேசுற செட் வேண்டாமா சார்? மாடி டாக்டரம்மா எல்லாம் அதுதான் வெச்சிருக்காங்க."

"அவங்க எல்லாரும் சேர்ந்து பேசினா எனக்கு ஒண்ணும் புரியாது. எனக்கு என் வீட்டுக்காரி குரல் மட்டும் போதும். அவ பின்னாடி உட்கார்ந்தா சும்மா வர மாட்டா. வலது பக்கம் லாரி, இடது பக்கம் நாய், முன்னாடி பள்ளம்னு ரோடு முழுக்க சொல்லிக்கிட்டே வருவா. தாங்க முடியாம ஒருநாள் இறக்கி விட்டுட்டேன்." அவர் சிரித்தார், அது சிரிப்பாகவே இல்லை. "இப்ப அது வேணும். கூப்பிடறேன், வர மாட்டேங்கறா."

"விஷயத்தைச் சொன்னா வந்துடுவாங்களே சார்."

"சொல்லக் கூடாது. ஊர்ல எனக்குப் பேரே காதுக்காரர். தெரிஞ்சா எவன் வண்டியைக் கொண்டுவருவான்? அவ வெளிய சொல்ல மாட்டா, ஆனா என்னைப் பார்க்கிற பார்வை மாறிடும். இப்ப பல் டாக்டர் பேரை எடுத்தாலே முகம் மாறுது, அவங்களோட எனக்கு ஏதோ இருக்குன்னு நினைச்சுக்கிட்டு முறைச்சுக்கிட்டே திரியுறா. நினைக்கட்டும். அது பொய்னு ஒருநாள் தெரியும், கோபம் போயிடும். பாவம்னு ஒரு தடவை பார்த்துட்டான்னா அது போகாது."

என்னால் முடியவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனால் ஹெல்மெட் கண்ணாடியில் இடிக்கிறது. அப்படியே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். நடைபாதையில் போன ஒருவர் குனிந்து காருக்குள் பார்த்துவிட்டு வேகமாக நடந்துபோனார்.

கடையில் அந்தப் பெண், "இன்னொரு கம்பெனி செட்டும் வந்திருக்கு சார், அதையும் மாட்டிப் பார்க்கறீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

அவர் கொஞ்சம் பொறுத்து, "வேண்டாம். இதுவே இருக்கட்டும்" என்றார். அதோடு சத்தம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். தங்கை போன் செய்தாள்.

"என்னக்கா, பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

"அய்யய்யோ, நிஜமாவா? யாரு அவ?"

"ரெண்டு வருஷம் முன்னாடி பின்சீட்ல உட்கார்ந்து கத்திக்கிட்டே வருவாளே, அவதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பாவம் என்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அடுத்த சில நாள் வேண்டுமென்றே முறைத்தேன், அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "வாங்கின செட் வீணாப் போகுது. ஞாயித்துக்கிழமை வேணா வர்றேன்" என்றேன். சமையலறை வாசலில் நின்றிருந்தவர் தலையை லேசாகத் திருப்பி, இடது காதை என் பக்கம் கொண்டுவந்து, "என்ன?" என்றார். இரண்டாம் தடவையும் அதே எரிச்சலோடு சொன்னேன். அவர் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஏறி உட்கார்ந்ததும் வண்டி லேசாகத் தாழ்ந்தது.

"கேக்குதா?" என்றார். கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"கேக்குது."

தெருவைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறினோம். முன்பெல்லாம் காற்றாகப் பறக்கிற ஆள் ஓரத்தோடு ஒட்டியே போனார். நொடிக்கொரு தடவை தலை வலது பக்கம் திரும்பியது. இத்தனை நாளும் இப்படித்தான் தனியாகப் போய்க்கொண்டிருந்தார் என்று நினைத்ததும் எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. பேச வேண்டியவள் நான், பேச்சு வரவில்லை.

பின்னால் ஒரு ஹாரன். திரும்பிப் பார்த்தேன். லாரி. அவர் தோள் இறுகுவது என் கைக்குத் தெரிந்தது. வண்டி வலது பக்கமாக நகரப் பார்த்தது.

"வலது பக்கம் லாரி. கிட்ட வந்துட்டான். இடது பக்கமே இருங்க."

வண்டி இடது பக்கம் வந்தது. லாரி தடதடவென்று தாண்டிப் போனது. அந்தக் காலத்தில் இதற்கு, "தெரியுது, தெரியுது" என்று வெடுக்கென்று பதில் வரும்.

"சரி," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ரோட்டில் எனக்கு ஒரு சரி கிடைத்ததில்லை. அதற்கப்புறம் நான் நிறுத்தவே இல்லை. வலது பக்கம் கார். பின்னாடி ஒண்ணும் இல்லை, தாராளமா போங்க. முன்னாடி சைக்கிள்காரர் திரும்பப் போறார், கை காட்ட மாட்டார், பாருங்க. நாய், இடது பக்கம், தூங்குது, ஒண்ணும் செய்யாது. அவர் தலை திரும்புவது குறைந்து, பிறகு நின்றேபோய்விட்டது. நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஊரைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது.

"கடைல இன்னொரு செட்டும் காட்டுச்சு அந்தப் பொண்ணு," என்றார் திடீரென்று. "எதை எடுக்கறதுன்னு கொஞ்சம் குழப்பமாத்தான் இருந்தது."

"அப்புறம்?"

"காதுக்குள்ள யாரோ மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவு துல்லியமா கேட்டுச்சு. இதையே குடுத்துடும்மான்னு சொல்லிட்டேன்."

உருண்டைப் பொத்தானை அழுத்துகிற மாதிரி தட்டைப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன். முதல் அழுத்தில் மைக்கை அணைத்து, இரண்டாவதில் நானே திறந்துவிட்டிருக்கிறேன். பூதக்கண்ணாடியாம்!

"அப்ப நான் வந்தது தெரியுமா?"

"நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சுது. வெளிய வந்து தேடினேன்." வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். "எந்தப் பக்கம்னுதான் தெரியலை."

முதுகில் ஒரு குத்து விட்டேன், பல் டாக்டருக்காக. பிறகு அதே இடத்தில் என் ஹெல்மெட்டைச் சாய்த்துக்கொண்டேன்.

"பின்னாடி," என்றேன். "பின்னாடிதான் இருக்கேன்."

"சரி."

"வலது பக்கம் பஸ் வருது."

அவர் இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்.